மாதா வளைவில் எழுதிய பெயர்

எர்மெஸ் தவெல்லாவை வல்தோர்ஸா பள்ளத்தாக்கே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதற்கு அவன் ஜெயித்த பந்தயங்கள் காரணமில்லை. அவற்றை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். மலை இறக்கத்தில் அவன் பிரேக் பிடிக்க மாட்டான் என்பதுதான் காரணம். மற்ற சைக்கிள் வீரர்கள் வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கும் இடங்களில் அவன் மோவாயைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு விழுகிற வேகத்தில் வருவான். 'சாஸ்ஸோ' என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள். கல் என்று அர்த்தம். கல்லுடைத்துப் பிழைக்கிற ஊரில் அதைவிடப் பெரிய பட்டம் கொடுக்க யாராலும் முடியாது.

அந்தப் பட்டம் வந்த கதை அவனுக்கும் அவன் அக்கா நிவெஸுக்கும் மட்டும்தான் தெரியும்.

பல வருஷங்கள் எர்மெஸ் வெறும் எடுபிடி வீரன். அணித் தலைவனுக்குத் தண்ணீர் பாட்டில் சுமப்பான், எதிர்க்காற்றை மறைத்து முன்னால் மிதிப்பான், தலைவனின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பான். பத்திரிகையில் அவன் பெயர் கடைசிப் பத்திகளில் பொடி எழுத்தில் வரும். பிறகு ஒரு வருஷம், நாட்டைச் சுற்றி வரும் பெரிய பந்தயமான ஜிரோவில், பனிமழை கொட்டிய ஒரு கணவாயில், தலைவர்களையெல்லாம் தாண்டிக்கொண்டு அவன் ஒற்றை ஆளாக இறங்கினான். வாயைத் திறந்துகொண்டு அவன் வந்ததை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே மரணத்தை முந்தியவன் என்று மறுநாள் தலைப்புப் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவன் நிவெஸின் பாருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"பிடிச்சேன் நிவே. ரெண்டு கையாலயும் பிடிச்சேன். நிக்கல. பிரேக்ல ஐஸ் கட்டிக்கிச்சு. அம்மானு கத்திக்கிட்டே வந்தேன். அதப் போய் சிரிப்புனு சொல்றானுங்க."

"யார்கிட்டயும் சொல்லாத," என்றாள் நிவெஸ். அவள் வாழ்க்கையில் கொடுத்த மோசமான யோசனைகளில் அது முதலாவது. இரண்டாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சொல்லாமல் விட்டது வளர்ந்தது. பிஸ்கட் டப்பாவில் அவன் முகம் வந்தது. முடிவெட்டும் கடைகளில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அவன் படத்தை மாட்டினார்கள். அவனைப் பார்த்தே இராத ஊர்களில் பிள்ளைகளுக்கு எர்மெஸ் என்று பெயர் வைத்தார்கள். எப்பேர்ப்பட்ட வீரர்களெல்லாம் ஏற்றத்தில் அழகாக ஏறி ஜெயித்துவிட்டுப் போவார்கள்; ஜனங்கள் கைதட்டிவிட்டு, "சாஸ்ஸோ எங்கே?" என்று கேட்பார்கள். இப்படி ஒரு பேர் வந்தபின், எனக்குப் பயம் என்று எவன் சொல்வான்? ஜிரோ நடக்கிற ஒவ்வொரு மே மாதமும் அவன் அதே மாதிரி இறங்க வேண்டியிருந்தது. ஒரு வருஷம் தோள்பட்டை எலும்பு, ஒரு வருஷம் இடுப்பு. கடைசியாக ஒரு வசந்தத்தில் கடற்கரைச் சாலை ஒன்றில் விழுந்து முகமெல்லாம் தேய்த்துக்கொண்ட பிறகு, இறக்கத்தைக் கண்டாலே அவனுக்குக் கை விறைத்தது. மருத்துவரிடம்கூட அவன் சொல்லவில்லை. நிவெஸிடம் மட்டும் சொன்னான்.

நிவெஸ் சதுக்கத்தில் பார் நடத்திக்கொண்டிருந்தாள். காலையில் காபி, மத்தியானம் ஒயின், எல்லா நேரமும் வம்பு. எர்மெஸின் ரசிகர் சங்கத்துக்கும் அதுதான் அலுவலகம். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "ஒருத்தன் விழுவானா மாட்டானானு பாத்துக்கிட்டிருக்கறதே போதும். இன்னொருத்தனையுமா பாக்கணும்?" என்பாள். கேட்டவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

அந்த வருஷம் ஜிரோ அவர்கள் ஊருக்கு வந்தது. மன்தேரா கணவாயின் அந்தப் பக்கம் ஏறி, இந்தப் பக்கம் இறங்கி, வல்தோர்ஸா சதுக்கத்தில் முடிவு. அதுவும் எர்மெஸ் இரண்டாவது இடத்தில் இருக்கிற நேரத்தில். முதலிடத்துக்கான இளஞ்சிவப்புச் சட்டையை ஃபுல்வியோ கரெல்லி என்ற இருபத்திரண்டு வயதுப் பையன் போட்டிருந்தான். இருவருக்கும் நடுவே சில வினாடிகள்தான் வித்தியாசம். எர்மெஸுக்கு வயது முப்பத்து நான்கு; இனி இப்படி ஒரு வாய்ப்பு கிடையாது. ஊருக்குத் தலைகால் புரியவில்லை.

ஃபுல்வியோவை நிவெஸ் ஏற்கெனவே பார்த்திருந்தாள். ஏப்ரலில் அவன் பாதையைப் பார்த்துப் பழக வந்தபோது அவள் பாரில்தான் சாப்பிட்டான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கன்னம் சிவக்க, ஆம்லெட் வைத்த ரொட்டி கிடைக்குமா என்று கேட்டான். எதிரியாயிற்றே என்று விறைப்பாக இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சாப்பிட்டு முடித்து, மேலே குளிரும், நெஞ்சில் செருக ஒரு பழைய பேப்பர் வேண்டும் என்றான். கணவாயின் உச்சியில் காத்திருப்பவர்கள் வீரர்களின் கையில் செய்தித்தாளைத் திணிப்பதும், அவர்கள் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு காற்றுக்குத் தடுப்பாக வைத்து இறங்குவதும் அங்கே காலங்காலமாக நடப்பது. அவள் கையில் கிடைத்த பேப்பரில் எர்மெஸின் படம் இருந்தது. பையன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"உங்க தம்பி என் நெஞ்சுல இருக்காரு. இனி விழமாட்டேன்," என்றான். வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னான். "மாதா வளைவுல அவர் பிரேக்கே தொடமாட்டாராமே? ஒரு நாள் பாத்தா எனக்கு அந்த ரோடு பழகிடாதுங்க. அவர் சக்கரத்த விடாம ஒட்டிக்கிட்டு வந்துருவேன். அதான் என் திட்டம். அவர்கிட்ட சொல்லிறாதீங்க."

பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம், சங்கத் தலைவர் ஒரெஸ்தே தன் ஆட்களோடு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாருக்குள் வந்தார். ஒரெஸ்தே அவர்களுடைய தாய்மாமன். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் பெயின்ட் அடிப்பது தொழில். சுண்ணாம்பு வாளியும் துடைப்ப பிரஷ்ஷுமாகக் கணவாயின் அந்தப் பக்கம் போயிருந்தார்கள், ரோட்டில் எர்மெஸின் பெயரை எழுத. எழுத இடம் இல்லை. ஃபுல்வியோ ஊர்க்காரர்கள் வேன்களில் முன்னமே வந்து தங்கி, ஏற்றம் முழுவதும் அடிக்கு அடி ஃபுல்வியோ, ஃபுல்வியோ என்று நிரப்பிவிட்டிருந்தார்கள்.

"நம்ம மலைல நம்ம புள்ள பேர் எழுத எடமில்ல," என்று ஒரெஸ்தே கிராப்பா சாராயம் ஊற்றிய காபியை ஒரே மடக்கில் குடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

பெயரை ஏற்றத்தில்தான் எழுதுவார்கள். ஏற்றத்தில் வீரன் மெதுவாகப் போவான், தன் பெயரைப் படிக்க அவனுக்கு நேரம் இருக்கும். இறக்கத்தில் எழுதுகிற வழக்கம் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பழைய ஆட்கள் யாராவது சொல்லியிருப்பார்கள்.

"இந்தப் பக்கம் எழுதுங்க மாமா," என்றாள் நிவெஸ். "மாதா வளைவுல. ரோட்டு அகலத்துக்குப் பெரிசா. அவன் படிக்கலேன்னா போகுது. ஹெலிகாப்டர்ல படம் எடுக்கறாங்கல்ல, நாடே படிக்கட்டும்."

இதுதான் இரண்டாவது யோசனை.

பாரே எழுந்து நின்று கைதட்டியது. சுண்ணாம்பு வேண்டாம் என்று ஒரெஸ்தே முடிவு செய்தார். போன வருஷம் சுண்ணாம்பில் எழுதியதை ஒரு மழை கழுவிக்கொண்டு போய்விட்டது. இந்த முறை கேட்டுக்கு அடிக்கிற எனாமல், பளபளவென்று கண்ணாடி மாதிரி நிற்கும், எந்த மழைக்கும் அசையாது என்றார். நிவெஸும் கூடப் போனாள். பனிமய மாதாவின் சின்னக் கோயிலை ஒட்டி ரோடு கூர்மையாகத் திரும்புகிற இடம் அது. ஒரு பக்கம் கோயில், எதிர்ப்பக்கம் கல் சுவர், சுவருக்கு அப்பால் பள்ளம். ரோடு முழுக்க இளஞ்சிவப்பில் எர்மெஸ் என்று எழுதி, வெள்ளையில் கரை போட்டார்கள். கடைசி எழுத்தை நிவெஸ் தன் கையால் எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் எர்மெஸ் கூப்பிட்டான். அவன் குரலில் பல மாதங்களாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"நாளைக்கு எனக்குப் பயமில்ல நிவே. மத்த எடமெல்லாம் கை நடுங்குது. ஆனா அது நம்ம ரோடு. ஒவ்வொரு கல்லும் தெரியும், ஒட்டுப் போட்ட ஒவ்வொரு எடமும் தெரியும். மழையே பெஞ்சாலும் கண்ண மூடிக்கிட்டு வருவேன். உச்சில எடுத்தா சதுக்கம் வரைக்கும் பிரேக்கத் தொடமாட்டேன். ஒரு தடவையாவது அவங்க நெனைக்கற மாதிரி நெஜமாவே எறங்கிக் காட்டணும்."

ரோட்டில் உன் பெயர் இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. நாளைக்கு அவன் நேரில் பார்க்கட்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வெயில் நன்றாகவே அடித்தது. பத்து மணிக்குமேல் மன்தேராவின் தலையில் ஒரு மேகம் வந்து உட்கார்ந்தது. பிறகு அது இறங்கியது. மத்தியானத்துக்குள் காக்கைகள் கோயில் கூரையை விட்டுக் கிளம்பிப் போயின. காற்று சுத்தமாக நின்றது. சதுக்கத்தில் வாத்தியக்காரர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் தூறல் விழுந்தபோது ஒரெஸ்தே வாசலில் நின்று சந்தோஷமாகக் கையைத் தேய்த்துக்கொண்டார். மழை என்றால் சாஸ்ஸோவின் நாள்; மற்றவன் எல்லாம் பிரேக் பிடிப்பான், நம் ஆள் பிடிக்க மாட்டான் என்று எல்லோருக்கும் சொன்னார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நிவெஸ் மட்டும் மேலே மேகத்தைப் பார்த்தாள்.

பாரை வேலைக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மேலே நடந்தாள். மாதா வளைவில் அதற்குள் பெரும் கூட்டம். சங்கத்தின் மஞ்சள் கொடிகள் சுவர் நெடுக ஆடிக்கொண்டிருந்தன. மழையில் அந்த இளஞ்சிவப்பு முன்னைவிடப் பிரகாசமாக மின்னியது. தான் எழுதிய கடைசி எழுத்தைப் பார்க்கலாம் என்று அதன்மேல் காலை வைத்தாள். கால் அவளோடு வரவில்லை. மல்லாக்க விழுந்தாள், குடை தனியாகப் போனது. கூட்டம் சிரித்தது. எழுந்திருக்கக் கையை ஊன்றினாள், கையும் வழுக்கியது. ஈரமான சோப்பு மாதிரி இருந்தது.

உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இறக்கத்தில் ஏன் எழுதுவதில்லை என்று புரிந்தது. ஒவ்வொரு கல்லும் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வரப்போகிறவனுக்கு இந்த ரோட்டில் தெரியாதது ஒன்றே ஒன்றுதான் என்பதும் புரிந்தது. அதை எழுதியது அவள்.

பிறகு அவள் செய்ததெல்லாம் ஓட்டமும் கெஞ்சலும்தான். வழுக்காமல் இருக்கத் தூவ, கல் அறுக்கும் பட்டறையில் ரம்பத்தூள் இருந்தது. ஒரெஸ்தேயை இழுத்துக்கொண்டு போய் ஒரு மூட்டை கொண்டுவந்தாள். காவலுக்கு நின்ற போலீஸ் சார்ஜென்ட் குறுக்கே கை நீட்டினார். போன வருஷம் எங்கேயோ ரோட்டில் ஆணி போட்டுவிட்டார்கள். அதிலிருந்து எதையும் ரோட்டில் கொட்ட விடக்கூடாது என்று உத்தரவு. அவர் தெற்கத்திக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

"சிஞோரா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா உங்கள விட்டா, அந்தப் பக்கத்துக்காரனையும் விடணும். வயர்லெஸ்ல சொல்றேன்."

சொன்னார். மலைக்கு நடுவே வயர்லெஸ் கரகரத்தது. எச்சரிக்கைக்கு மஞ்சள் கொடியோடு ஒரு ஆளை நிறுத்தச் சொல்லி பதில் வந்தது. நிறுத்தினார்கள். வளைவு முழுக்க ஆடிக்கொண்டிருந்த சங்கத்தின் மஞ்சள் கொடிகளுக்கு நடுவே அந்த ஆள் ஒரு மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டு நின்றான். கொடிகளை இறக்கச் சொல்லி நிவெஸ் ஒவ்வொருவரிடமும் போனாள். மழையிலும் கூச்சலிலும் யாருக்கும் காது கேட்கவில்லை, கேட்டவர்களுக்கும் நம்பிக்கையில்லை. சாஸ்ஸோ விழுவானா என்றார்கள். ஒரெஸ்தே வெளுத்த முகத்தோடு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

யாரோ வைத்திருந்த ரேடியோ, எர்மெஸும் ஃபுல்வியோவும் உச்சியை ஒன்றாகத் தாண்டிவிட்டார்கள் என்றது. மற்றவர்கள் வெகு தூரம் பின்னால். பேப்பரை நெஞ்சில் செருகிக்கொண்டு எர்மெஸ் முன்னால் இறங்குகிறான், இளஞ்சிவப்புச் சட்டை அவன் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றது.

கத்தினால் கேட்காது. கையை ஆட்டினால் எல்லோரும்தான் ஆட்டுகிறார்கள். ரோட்டில் போய் நின்றால் போலீஸ் இழுத்துவிடும். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்ற நிவெஸுக்கு அப்போதுதான் பழைய ஞாபகம் வந்தது.

சின்ன வயதில் எர்மெஸ் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு இதே இறக்கத்தில் வருவான். கல் ஏற்றிய லாரிகள் எதிரே ஏறிவரும். வளைவில் திரும்பும்வரை அவனுக்கு லாரி தெரியாது. அதற்காக நிவெஸ் இந்தச் சுவர்மேல் ஏறி நிற்பாள். அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. முகம் தெரிந்தால் வா. முதுகு தெரிந்தால் பிடி. ஒரே ஒரு முறை அவன் அதை மதிக்காமல் வந்தான். அந்தத் தழும்பு இன்றும் அவன் மோவாயில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் அக்காவின் முதுகை மீறியதில்லை.

அவள் சுவர்மேல் ஏறினாள். ஆயிரம் முகங்கள் மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து நின்றாள்.

"என்ன நிவெஸ், தம்பி வர்றான், திரும்பு," என்று யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். பார்க்கப் பயப்படுகிறாள் என்று யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை. திரும்பினால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் அவன் வருவான். கீழே ஊரின் கூரைகள், சதுக்கத்தில் கட்டியிருந்த தோரணங்கள், மேடை எல்லாம் மழையில் நனைந்துகொண்டிருந்தன. மாதாவே, அவன் பார்க்கட்டும், பார்க்கட்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் வரவில்லை.

கூச்சல் மேலிருந்து வளைவு வளைவாக இறங்கி வந்தது. ஹெலிகாப்டர் சத்தம் வந்தது. பிறகு கூட்டத்தின் அத்தனை தொண்டையும் சாஸ்ஸோ, சாஸ்ஸோ என்று வெடித்தது. அதற்குள்ளிருந்து ஈர ரப்பர் இரும்பில் தேய்கிற நீண்ட கிறீச்சொலி அவள் காதில் விழுந்தது. பிரேக். அவன் பிடித்துவிட்டான்.

உடனே இன்னொரு சக்கரத்தின் விர்ரென்ற சத்தம் அந்தக் கிறீச்சொலியைத் தாண்டி முன்னால் போனது. அதில் பிரேக் சத்தம் இல்லை. என்னவோ சறுக்கியது, சுவர் அவள் காலுக்குக் கீழே ஒருமுறை அதிர்ந்தது. அதோடு கூச்சல் நின்றது.

நிவெஸ் திரும்பினாள். எழுத்துகளை மெல்ல உருண்டு தாண்டி எர்மெஸ் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷம்தான். அவன் நிற்கிறான், முழுசாக நிற்கிறான். அப்புறம்தான் சுவரடியில் கிடந்த இளஞ்சிவப்பைப் பார்த்தாள். ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு வந்தவன், முன்னால் இருந்தவன் திடீரென்று பிரேக் பிடித்ததும் மோதாமல் இருக்க வெளியே திருப்பியிருக்கிறான். திருப்பிய இடம் முழுக்க எர்மெஸ் என்ற பெயர். பையனின் சட்டை கிழிந்து, நெஞ்சில் செருகியிருந்த பேப்பர் வெளியே வந்து நனைந்துகொண்டிருந்தது. அவன் அசையவில்லை.

எர்மெஸ் அவனைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். பிறகு சுவர்மேல் நின்ற அக்காவைப் பார்த்தான்.

"யார் எழுதினது?" என்று கேட்டான்.

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்குள் கூட்டத்துக்கு மூச்சு வந்துவிட்டது. "போ சாஸ்ஸோ, சட்டை உனக்குத்தான்," என்று ஒரு குரல் கேட்டது. போ, போ என்று பத்துக் குரல், பிறகு நூறு. ஏற்றத்தில் களைத்துப்போன வீரனின் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவது அங்குள்ள ரசிகர்களின் பழக்கம். இறக்கத்தில் ஒருவனைத் தள்ளிவிட்டதை நிவெஸ் அன்றுதான் பார்த்தாள். எத்தனையோ கைகள் அவன் முதுகிலும் இருக்கையிலும் விழுந்தன. அவன் காலைத் தூக்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. சைக்கிள் நகர்ந்தது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடியே அவன் ஊருக்குள் இறங்கிப் போனான்.

அப்படி இறங்கியும் அவன்தான் முதலில் வந்தான். பின்னால் வந்தவர்கள் அவ்வளவு தூரத்தில் இருந்தார்கள். மேடையில் அவனுக்கு இளஞ்சிவப்புச் சட்டையைப் போட்டார்கள், வாத்தியம் முழங்கியது, பாதிரியார் அவன் தலையில் கை வைத்தார். பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இளம் உடம்பு, தேறிவிடுவான் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் போன பிறகு சார்ஜென்ட் தானே குனிந்து ரம்பத்தூளை அந்த எழுத்துகள்மேல் கொட்டியதாகக் கேள்வி.

வெளிச்சம் மங்கும் முன்னே பார் நிரம்பி வழிந்தது. எர்மெஸை பில்லியர்ட்ஸ் மேஜைமேல் ஏற்றி நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சங்கத்து ஆட்கள் தோளில் தோள் போட்டுக்கொண்டு அவன் பெயரை வைத்துக் கட்டிய பாட்டைப் பாடினார்கள். சிரி சாஸ்ஸோ, ஒரு தடவை சிரி என்று படமெடுக்க வந்தவன் கெஞ்சினான். எர்மெஸ் வாயைத் திறந்தான். திறந்ததைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டு வந்தவன் படம் பிடித்தான். ஒரெஸ்தே மட்டும் பாடவில்லை. மூலையில் உட்கார்ந்து நகக்கண்ணில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

காபி மெஷினுக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த தொலைபேசி மணி அடித்தது. நிவெஸ் எடுத்தாள். மறுமுனையில் பத்திரிகைக்காரர் ஒருவர். இளைய குரல், பதற்றமாகப் பேசினார். சாஸ்ஸோவிடம் ஒரு வார்த்தை வாங்கித் தர முடியுமா, ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் தகவல் வந்தது என்றார். என்ன தகவல் என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார். பையனின் அம்மா இன்னும் வந்து சேரவில்லை என்றும் சொன்னார். நிவெஸ் தொலைபேசியை அதன் கொக்கியில் மாட்டினாள்.

பார் முழுக்க அவனைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. அவன் அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மணிக்காகவே அவன் அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறான். புருவத்தை உயர்த்தி, என்ன என்று கேட்டான். அந்த இரைச்சலில் எதைச் சொன்னாலும் அவனுக்குக் கேட்காது. கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் மெல்லத் திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

எதிரே காபி மெஷினின் பளபளப்பான தகட்டில் பார் முழுவதும் சின்னதாகத் தெரிந்தது. நடுவில் ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி. அதன் இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, வெறும் காற்றில் எதையோ இறுக்கிப் பிடிப்பதை அவள் பார்த்தாள். சுற்றி இருந்தவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள்.